காப்பு கட்டிய பத்து நாள்

1955 ஜனவரி 3, திங்கள்

மழை. விறகெல்லாம் நனைந்துவிட்டது. பழைய நோட்டு தீர்ந்து இன்று புது நோட்டு.

நாற்பத்தெட்டில் இந்தத் தீவில் ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். கோயில் தாழ்வாரத்தில் ராமசந்திரன் வாத்தியார் எங்களை உட்காரவைத்துப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தார். மற்ற பெண்கள் பெயரோடு நின்றுகொண்டார்கள். நான் நிற்கவில்லை. எழுதி வைக்க எனக்கு நிறைய பேர் இருந்தார்கள்.

நேற்று சாயங்காலம் தனராஜ் மறுபடி பூங்காவனத்தை அடித்தான். தனராஜ் என் பேரன். என் மகன் பெற்றது, நான் வளர்த்தது. கரும்புத் தோட்டத்தில் சர்தார், நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவன். பூங்காவனம் அவன் பெண்டாட்டி. வந்து நாலு வருஷம். வீடு இரண்டே அறை, நடுவில் தகரத் தடுப்பு, பின்னறையில் நான். எனக்குக் கேட்காமல் எப்படி இருக்கும்.

காலையில் அவள் இடது காதிலிருந்து நீரும் ரத்தமுமாக வடிந்தது. "கதவு இடிச்சிடுச்சு ஆயா" என்றாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடந்த என்னிடமே. எனக்கு எரிச்சல் வந்தது. அப்புறம் யோசித்தேன். கேட்டுக்கொண்டே படுத்துக் கிடந்தவளிடம் வேறு என்ன சொல்லுவாள்.

ஜனவரி 9, ஞாயிறு

அன்றைக்கு அடிச் சத்தம் கேட்டவர்கள் யார் யார் என்று எழுதி வைக்கிறேன். மறந்துவிடுவேன் என்று இல்லை. நான் எதையும் மறப்பதில்லை.

பக்கத்து வீட்டு அலமேலு — முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. கோயில் தலைவர் மருதை — சீனன் கடை வாசலில் சுருட்டோடு நின்றார். அங்கிருந்து எங்கள் வீடு பத்தடி. எதிர்வீட்டு மிஷெலின் — ஜன்னலைச் சாத்தினாள். சாத்துகிற சத்தமே எனக்குக் கேட்டது. அவள் வீட்டுக்காரன் கீ — ரேடியோவைப் பெரிதாக வைத்தான்.

முப்பத்தேழிலும் இப்படித்தான். ஆகஸ்ட் மாதம், கூலிக்காகத் தோட்டத்து ஆண்கள் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். ஆலைக் கதவு வரை போனார்கள், சுடுவார்கள் என்று தெரிந்தும் போனார்கள். அதே வாரம் என் வீட்டில் அந்த ஆள் கரும்பை எடுத்து என் முதுகில் உடைத்தபோது ஒருத்தரும் சந்து தாண்டி வரவில்லை. ஒருத்தரும். ஆலைக் கதவு வரை நடந்த கால்கள்.

அந்த ஆள் பெயரை நான் எழுத மாட்டேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற வழக்கத்துக்காக இல்லை. செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது, இன்னும் வாய் கசக்கிறது.

ஜனவரி 14, பொங்கல்

பூங்காவனத்தின் அப்பா தேர் ரூஜ் ஊரிலிருந்து வந்தார். சர்க்கரைப் பொங்கல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மகள் காதில் பஞ்சு. அவர் பார்த்தார், எனக்குத் தெரியும். இலையை மடித்துவிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, மாப்பிள்ளை சர்தாரு, கோபம் இருக்கத்தான் செய்யும்" என்றார். கை கழுவ என் கையாலேயே தண்ணீர் ஊற்றினேன். இப்போது அந்தச் செம்பைத் தொடவே பிடிக்கவில்லை.

போன வருஷம் அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். அங்கிருந்தவன் ஆள் அனுப்பித் தனராஜை வரவழைத்து, அவளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். சந்தையில் தொலைந்த ஆட்டைச் சொந்தக்காரனிடம் ஒப்படைக்கிற மாதிரி.

ஜனவரி 17, திங்கள்

பூங்காவனம் மருதையிடம் போனாள். நான் போகச் சொல்லவில்லை, அவளாகவே போனாள். மருதை சொன்ன தீர்ப்பு: தனராஜ் இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டும். பெண்டாட்டி தன் கையால் செம்பில் பால் ஊற்றி அவன் காவடியில் கட்ட வேண்டும், அது எங்கள் கோயில் வழக்கம். "முருகன் பாத்துப்பான்" என்றாராம். வழியில் என்னைப் பார்த்தவர், "அக்கா, இனி உங்க வீட்டுல அமைதிதான்" என்று சிரித்தார். பல்லெல்லாம் சுருட்டுக் கறை.

முருகன் பார்த்துக்கொள்வதாக இருந்தால் நீ எதற்கய்யா தலைவர்.

ஜனவரி 29, சனி

தனராஜுக்குக் காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் கயிறு, ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு, அவன் வலது மணிக்கட்டில். பத்து நாள் மீன் இல்லை, ரம் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு, படுக்கை கோயிலில். சுடுசொல் கூடாது. கை ஓங்கவே கூடாது.

ஜனவரி 31

அவன் கை ஓங்கவில்லை.

பிப்ரவரி 1, செவ்வாய்

காலையில் துணி மாற்ற வந்தான். பூங்காவனம் காப்பியை அவன் வேட்டியிலேயே கொட்டிவிட்டாள். வேண்டுமென்று இல்லை, பயத்தில். நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். "பரவால்ல" என்றான். வேறு வேட்டி கட்டிக்கொண்டு போனான்.

பரவாயில்லையாம். நாலு வருஷமாக இந்த வார்த்தை எங்கே போயிருந்தது?

காம்ப் வீடுகள் முழுக்க ஒரே பேச்சு. "பாத்தியா, எவ்வளவு சாந்தமா இருக்கான்." "அடிப்படையில நல்லவன்தான்." அலமேலுகூடச் சொன்னாள். எல்லாரும் அந்தக் கயிற்றைப் பார்க்கிறார்கள். நானும்தான் பார்க்கிறேன். எனக்குத் தெரிவது வேறு. கோபம் வந்தால் கண் தெரியாது, கை தானாகப் போய்விடும் என்றுதானே இத்தனை நாள் சொன்னான்? ஒரு முழக் கயிறு சொன்னால் கேட்கிற கை. அப்படியென்றால் ஒவ்வொரு அடியும் அவன் கேட்டுப் பார்த்து, சரி என்று சொல்லி, அடித்த அடி.

இந்தக் கைக்குத்தான் நான் சோறு பிசைந்து கொடுத்தேன்.

பிப்ரவரி 2, புதன்

பூங்காவனம் கொஞ்சம் தெளிந்திருக்கிறாள். நேற்று முணுமுணுத்துப் பாடக்கூடச் செய்தாள். இன்று மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே, "எட்டாந்தேதி காப்பு அவுக்கிறாங்க ஆயா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கீரையில் ஒரு காம்பு விடாமல் ஒரே அளவாக ஒடித்துக்கொண்டிருந்தாள்.

படுக்கும்போது எப்போதும் இடது பக்கம் சாய்ந்து படுக்கிறாள். ஏன், அந்தக் காது வலிக்காதா என்று கேட்டேன். "நல்ல காது மேல இருக்கணும் ஆயா. அப்பதான் காலடி கேக்கும்" என்றாள்.

பிப்ரவரி 3, வியாழன்

ஒரு பொய்யைத் திருத்தி எழுத வேண்டும்.

முப்பத்தேழில் ஒருத்தரும் வரவில்லை என்று எழுதினேன். பதினெட்டு வருஷமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். ஒருத்தி வந்தாள். ஊகெட். சேன் பியேர் ரோட்டோரம் இருக்கிற சலவைக்காரி, தமிழச்சி இல்லை, கிரியோல்காரி. துரை வீட்டுச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், கையில் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியோடு அப்படியே ஓடி வந்தாள். எங்கள் வாசலில் நின்று, "விடு அவளை" என்று கத்தினாள். அந்த ஆள் கை நின்றது. நின்றதை நான் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன்? எழுது. எழுதித் தொலை.

"போ, இது எங்க வீட்டு விஷயம்" என்றேன். என் வாயால். தனராஜுக்கு அப்போது எட்டு வயது, மூலையில் நின்றான். அவனைப் பார்த்து, "தாழ்ப்பாள் போடுடா" என்றேன். அவன் எட்டிப் போட்டான்.

அன்றிலிருந்து ஊகெட்டோடு பேச்சில்லை. வந்தாள் என்பதற்காக இல்லை. பார்த்துவிட்டாளே என்று. வராதவர்கள் மேல் இருந்த கோபத்தைவிட வந்தவள் மேல் எனக்குக் கோபம் அதிகம். இது என்ன பிறவி? மருதையைச் சொல்கிறேன், மிஷெலினைச் சொல்கிறேன். அவர்கள் தங்கள் ஜன்னலைத்தான் சாத்தினார்கள்.

பிப்ரவரி 4, வெள்ளி

ஊகெட் வீட்டுக்குப் போனேன். வாசலில் வெள்ளைத் துணி காய்ந்தது. அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஏ மதராஸ்காரி. வழி தவறிட்டியா?"

"இல்லை."

"அப்போ யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லை. அதுக்குத்தான் வந்தேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எல்லாம் சொன்னேன். காது, காப்பு, எட்டாந்தேதி. பேரனா என்று கேட்டாள். "தாழ்ப்பாள் போட்டானே, அந்தப் பையனா?" ஆமாம் என்றேன். மறுபடி பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்குத் துரை சட்டை ஒண்ணு கருகிப் போச்சு" என்றாள் கடைசியில். "உன்னால. துரைசாணி என்னை என்ன பாடுபடுத்தினா தெரியுமா?" அப்புறம், "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. உன் வாயால கேக்க மாட்டேன்."

பிப்ரவரி 5, சனி

பூங்காவனத்தை அழைத்துப் போனேன். அவள் என்ன தப்பு செய்தாள், அவன் எதற்கு அடித்தான், குடித்திருந்தானா — நாங்களெல்லாம் கேட்கிற எதையும் ஊகெட் கேட்கவில்லை. முதலில் சோறு போட்டாள். தின்று முடித்த பிறகு, "உனக்கு என்ன வேணும்?" என்றாள்.

பூங்காவனம் என் முகத்தைப் பார்த்தாள். "என்னை ஏன் பாக்கறே, உன்னைத்தான் கேக்கறா" என்றேன். நாலு வருஷத்தில் இந்தக் கேள்வியை நானே கேட்டதில்லை.

விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற அறை வேண்டும். களை வெட்டுகிற வேலை போகக் கூடாது. காதைக் காட்ட டாக்டரிடம் யாராவது கூட வர வேண்டும். அப்புறம், "தினமும் எல்லாரும் வந்து ஏன், எப்படின்னு கேக்கக் கூடாது."

இவ்வளவுதான். இதற்கு முருகன் எதற்கு?

திரும்பும்போது அலமேலுவிடம் போனேன். ஜனவரி இரண்டாம் தேதி உன் முறம் எப்போது நின்றது, எப்போது மறுபடி ஆரம்பித்தது என்று சொன்னேன். அவள் அழுதாள். அழுகை எனக்கு வேண்டாம், நாளை காலை உன் புல் சுமையில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

அவன் கோயிலில். பட்டப்பகலிலேயே பூங்காவனத்தை ஊகெட் வீட்டுக்கு மாற்றியாயிற்று. மாட்டுக்குப் புல் கொண்டு போகிற மாதிரி நாலு பெண்கள் நாலு கட்டு. உள்ளே அவள் புடவைகள், ஒரு பானை, கல்யாணச் செம்பு. மிஷெலின் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்து, "அந்தத் தலையணையை என்கிட்ட கொடு, புல்லுக்குள்ள தலையணை வச்சா யாரு நம்புவா" என்று துணிமூட்டைக்குள் சுருட்டிக்கொண்டு போனாள். கேட்டவர்கள் பட்டியலில் அவள் பெயரை இன்னும் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, தைப்பூசம்

ஆற்றங்கரையில் காவடிகள் வரிசையாக நின்றன. தனராஜ் நாக்கில் வேல், முதுகில் ஊசி. ஊரே அவன் காலில் தண்ணீர் ஊற்றக் காத்திருந்தது. மருதை கூப்பிட்டார்: "எங்கே சம்சாரம்? பால் ஊத்தணும்." யாரும் வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, வளர்த்தவங்க ஊத்துங்க அக்கா" என்று செம்பை நீட்டினார்.

வாங்கினேன். கீழே வைத்தேன்.

"அவ வரமாட்டா. இவன் அடிச்சு அவ காது போச்சு. மருதை, ஜனவரி ரெண்டாந்தேதி நீ சீனன் கடை வாசல்ல சுருட்டு பிடிச்சுக்கிட்டு நின்னே. உனக்குக் கேட்டுது. ரேடியோவைப் பெரிசா வச்ச கீக்கும் கேட்டுது. எனக்கும் கேட்டுது, நானும் படுத்தே கிடந்தேன். பத்து நாள் கயிறு கட்டினா அடிக்காம இருக்கத் தெரியுது இவனுக்கு. மத்த நாள்ல இவன் கையைப் பிடிக்க நாம யாரும் போகலை."

தவில்காரன் கோலைத் தூக்கியபடி நின்றான். மருதை, "இதைப் பேசற இடமா இது?" என்றார். வேறு எந்த இடத்தில் பேசினோம் என்று கேட்டேன். அலமேலு கூட்டத்திலிருந்து, "எனக்கும் கேட்டுது" என்றாள். அவ்வளவுதான். மற்றவர்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருதை தானே பால் ஊற்றிக் கட்டினார். மேளம் தொடங்கியது. காவடி போயிற்று. நான் மறியலெல்லாம் செய்யவில்லை, முருகனிடம் எனக்குச் சண்டை இல்லை.

தனராஜ் வேல் குத்திய வாயோடு என்னைப் பார்த்தான். எட்டு வயதில் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி, சரியாகப் போட்டேனா என்று பார்த்தானே, அதே பார்வை.

பிப்ரவரி 8, செவ்வாய்

காப்பு அவிழ்த்தார்கள். மத்தியானம் தனராஜ் வீசிய என் தகரப் பெட்டி சந்தில் கிடந்தது. நல்ல வேளை, நோட்டுகள் என் மடியில். ஊகெட் வீட்டில் எனக்கும் ஒரு பாய்.

பிப்ரவரி 9, புதன்

வந்தான். தனராஜுக்கு முன்னால் ரம் வாடை ஊகெட் வாசலுக்கு வந்தது.

முற்றத்தில் ஆறு பெண்கள் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இனி தினமும் வேலை விட்டதும் இங்கே வந்து இருட்டும்வரை உட்காருவது என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். முறை போட்டு, இரண்டு இரண்டு பேராக என்று பேச்சு. முதல் நாள் என்பதால் ஆறு பேரும் வந்துவிட்டார்கள். அவனைப் பார்த்து யாரும் எழுந்திருக்கவில்லை. கல்லைப் பொறுக்கிப் போட்டார்கள்.

"பூங்காவனம், வெளியே வா" என்றான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம்தான் வந்தது. ஊகெட் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டு விசிறினாள்.

"அலமேலு, நாளைக்கு உனக்கு வேலை வேணாமா?"

அலமேலு தலை நிமிரவில்லை. "எனக்கு வேலை இல்லேன்னா களைக்கு லீவு கிடைக்கும் சர்தார். துரை கேட்டா நீ பதில் சொல்லு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். "நீயுமா ஆயா? உன் ரத்தம் நான்."

"அதனாலதான்டா வெக்கமா இருக்கு. தாழ்ப்பாள் போட நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்னைக்குச் செஞ்சதுக்கு இன்னைக்கு இங்க நிக்கறேன். போ."

நின்றான். பிறகு போனான்.

பிப்ரவரி 11, வெள்ளி

நேற்று அலமேலுவை வேலையிலிருந்து நிறுத்தினான். களை வெட்டுகிற பதினாலு பெண்களும் மண்வெட்டியை வரப்பில் படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் பூங்காவனம். பத்து மணிக்குத் தோட்டத்துத் துரை குதிரையில் வந்தார், புல்லைப் பார்த்தார், சர்தாரைப் பார்த்தார். மத்தியானம் அலமேலு வேலையில் இருந்தாள். முப்பத்தேழில் ஆண்கள் செய்ததுதான். சந்து தாண்டி வர இத்தனை வருஷம்.

பிப்ரவரி 16

ஊகெட் அவளை மோகாவில் டாக்டரிடம் கூட்டிப் போனாள். சவ்வு கிழிந்திருக்கிறதாம். இடது காதில் இனி கேட்காது.

மார்ச் 6, ஞாயிறு

பூங்காவனத்தின் அப்பா, தேர் ரூஜ்காரர், வந்தார். வாசலில் நின்று, மகளைத் திருப்பி அனுப்பினால் மாப்பிள்ளை மன்னிக்கத் தயார் என்றார். எதற்கு மன்னிப்பு என்று ஊகெட் அவள் பாஷையில் கேட்டாள். அவருக்குப் புரிந்தது, புரியாத மாதிரி நின்றார். இந்த முறை நான் கை கழுவத் தண்ணீர் ஊற்றவில்லை. பூங்காவனம் தானே வெளியே வந்து, "நான் வரலைப்பா. பஸ் போயிடும், கிளம்புங்க" என்றாள்.

கோயிலில் என்னைத் தீர்த்தம் வாங்க விடுவதில்லை. மருதை செம்பை என் கைக்கு மேலாக அடுத்தவளுக்கு நீட்டுகிறார். எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு.

மே 20

தனராஜுக்கு மருதை வேறு பெண் பார்க்கிறாராம். விசாரித்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் அம்மாவிடம் சொன்னேன், நான் அவன் ஆயா, நான் வளர்த்தது, கொடுக்காதே. முகம் கறுத்துப்போனாள். ஒரு வாய் காப்பி தரவில்லை. பரவாயில்லை. ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவள் நாளைக்குக் கேட்க முடியாது.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

வெட்டு தொடங்கிவிட்டது. ஊர் முழுக்கக் கரும்புத் தழை வாசம். மத்தியானம் அலமேலுவும் மிஷெலினும் வந்து உட்கார்ந்தார்கள். இப்போது காவலுக்கு இல்லை, வம்புக்கு. அந்தப் பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தனராஜ் இன்னும் சர்தார்தான், இன்னும் குடிக்கிறான், ரோட்டில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறான். போகட்டும். நான் ஆயாதான், அதனால் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன்.

ஊகெட் என்னைத் துணி மடிக்கச் சொன்னாள். நான் மடிப்பது பிடிக்காமல் அவளே பிரித்து மறுபடி மடித்தாள். "பதினெட்டு வருஷம் பேசாம இருந்தது நிம்மதியா இருந்துச்சு" என்றாள்.

மடித்ததை அடுக்க உள்ளே போனேன். கதவு திறந்தே கிடந்தது. சாப்பிட்ட அசதியில் பூங்காவனம் பாயில் தூங்கிப் போயிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். நல்ல காது தலையணையில் அழுந்தியிருந்தது.

துணியைச் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டு வந்தேன். சத்தம் போட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.